சின்ன லேத்தில் பார்ட்டிங்: ராடை ஒழுங்காகத் துண்டிக்க முழுமையான வழிகாட்டி

லேத் வாங்கியவர்கள் டர்னிங் (சுற்றுப்பக்கத்தைக் கடைவது), ஃபேஸிங் (முனை முகத்தைச் சமன்செய்வது), டிரில்லிங் எல்லாவற்றையும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். மெல்லிய பிளேடால் ராடைக் குறுக்கே வெட்டித் துண்டாக்கும் பார்ட்டிங் மட்டும் கடைசிவரை பயமுறுத்தும். பிளேடு உள்ளே போகும்போது ஒரு அதிர்வு, அப்புறம் ஒரு அலறல், அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். பிளேடு உடைந்திருக்கும், இல்லை ராடு வளைந்திருக்கும். அதன்பிறகு பலர் ஹாக்ஸாவோடு சமாதானமாகிவிடுவார்கள்.

பட்டறைகளில் ஓடும் கனமான லேத்தில் இதே வேலையைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே முடித்துவிடுகிறார்கள். அவர்கள் கையில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த மெஷினின் எடையும் இறுக்கமும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. சுமார் 40 கிலோ எடையுள்ள மேசை லேத்தில் அந்த இறுக்கத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். புது பிளேடு, விலை கூடிய இன்சர்ட் (மாற்றிக்கொள்ளும் கார்பைடு முனை) என்று தேடுவதற்கு முன்னால் மெஷினில் எங்கெல்லாம் ஆட்டம் இருக்கிறது என்று தேடினால், பார்ட்டிங்கில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். மெஷின், சீனாவின் சீக் சி2, சி3 வகை மினி லேத். ஏழு அங்குலம், அதாவது சுமார் 180 மி.மீ. ஸ்விங் (சுழற்றக்கூடிய அதிகபட்ச விட்டம்) உள்ளது. பல நிறங்களில் பல பெயர்களில் விற்பது இதுதான். வேலை, 20 மி.மீ. எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ராடிலிருந்து 10 மி.மீ. நீள ஸ்பேசர்களை (இடைவெளித் துண்டுகளை) வெட்டி எடுப்பது. உங்கள் லேத் வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

கத்தி ஏன் உள்ளே பாய்கிறது

டர்னிங்கில் டூல் நுனியின் ஒரு ஓரம்தான் வெட்டுகிறது. சுருள் தாராளமாக வெளியே போகிறது. பார்ட்டிங்கில் பிளேடின் முழு அகலமும் வெட்டுகிறது, இரண்டு பக்கமும் உலோகச் சுவர், சுருள் வெளியேற மேல்பக்கம் மட்டும்தான் வழி. 2 மி.மீ. அகல பிளேடு சுற்றுக்கு 0.04 மி.மீ. வீதம் எம்எஸ்ஸில் வெட்டும்போது நுனியைக் கீழே அழுத்தும் விசை ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமம். மெலிசான, நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகட்டின் முனையில் அத்தனை எடை.

இனி கொஞ்சம் வடிவியல். பிளேடைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டும், அதன் அடியில் உள்ள காம்பவுண்ட் ஸ்லைடும், அதற்கும் கீழே பிளேடை ராடை நோக்கி நகர்த்தும் கிராஸ் ஸ்லைடும் அந்த எடைக்குச் சற்றே முன்பக்கம் சாயும். சாய்வதற்கான அச்சு, பிளேடு நுனிக்குக் கீழே எங்கோ ஸ்லைடுகளின் மட்டத்தில் இருக்கிறது. நுனி அந்த அச்சுக்கு மேலே இருப்பதால், சாயும்போது கீழே இறங்குவதோடு நிற்காமல் ராடை நோக்கியும் நகரும். அதாவது அழுத்தம் கூடினால் வெட்டின் ஆழம் தானாகக் கூடுகிறது. ஆழம் கூடினால் அழுத்தம் இன்னும் கூடுகிறது. இந்த வட்டம் ஒரு நொடிக்குள் ஓடி முடிந்துவிடும். கிராஸ் ஸ்லைடின் நட்டில் லூஸ் இருந்தால் அந்த லூஸ் முழுவதையும் ராடே இழுத்துக்கொள்ளும். ராடைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங்கில் லூஸ் இருந்தால் ராடு மேலே எழும்பி பிளேடின் மேல் ஏறப் பார்க்கும். விளைவு, மோட்டார் நிற்கும், ஃபியூஸ் போகும், அல்லது ஸ்பிண்டில் உட்கார்ந்திருக்கும் ஹெட்ஸ்டாக்கில் பிளாஸ்டிக் கியர் உள்ள மாடல்களில் பல் உடையும்.

ஆட்டத்தை ஒவ்வொன்றாக ஒழிப்பது

ஸ்பிண்டிலில் ஆரம்பியுங்கள். ராடைக் கவ்வும் சக்கில் ஒரு தடித்த ராடைப் பிடித்து, டயல் கேஜின் முனையைச் சக்கின் மேல்பக்கம் வைத்து, ராடைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். முள் 0.02 மி.மீ.க்கு மேல் ஆடினால் பேரிங் பிரீலோடை, அதாவது முன்னிறுக்கத்தை, சரிசெய்ய வேண்டும். ஸ்பிண்டிலின் பின்பக்கம் இருக்கும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, சில நிமிடம் ஓட்டி, ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, சுடக்கூடாது. இந்த லேத்துகளில் வருவது 6206 பால் பேரிங். பலர் அதைக் கழற்றிவிட்டு 30206 டேப்பர் ரோலர் போடுகிறார்கள். பார்ட்டிங்கில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் டேப்பர் பேரிங் ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாக அகலம் என்பதால் ஸ்பேசரைக் கடைந்து குறைக்க வேண்டிவரும். இன்றைய வேலைக்கு அது அவசியமில்லை.

அடுத்தது கேரேஜ், அதாவது ஸ்லைடுகளைச் சுமந்து படுக்கையின் மேல் நகரும் பாகம். கீழே இருக்கும் தட்டுகள் படுக்கையோடு ஒட்டி நிற்க வேண்டும். கேரேஜின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் அசைவே தெரியக்கூடாது. பார்ட்டிங் நேரத்தில் கேரேஜை லாக் செய்தே ஆக வேண்டும். பல மினி லேத்துகளில் கேரேஜ் லாக் கொடுப்பதே இல்லை. ஒரு போல்ட்டும் கீழே ஒரு சின்னத் தகடும் வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். இந்த மெஷினில் செய்யத் தகுந்த மாற்றங்களில் நான் முதலில் சொல்வது இதைத்தான். அதுவரைக்கும் ஃபீட் லீவரை நியூட்ரலில் வைத்து, கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டை மூடி வைத்தால் ஓரளவு பிடிக்கும்.

கிராஸ் ஸ்லைடின் ஜிப் ஸ்க்ரூக்களை (ஸ்லைடின் தளர்வைக் குறைக்கும் திருகுகளை) வழக்கத்தைவிட ஒரு இழை கூடுதலாக இறுக்குங்கள். ஹேண்டில் கொஞ்சம் கனமாகச் சுற்ற வேண்டும், ஆனால் எங்கும் சிக்கக்கூடாது. அந்தக் கனம்தான் ராடு ஸ்லைடை உள்ளே இழுக்க விடாமல் தடுக்கும். பித்தளை நட்டை அட்ஜஸ்ட் செய்யும் ஸ்க்ரூக்களும் இருக்கின்றன. ஹேண்டிலை முன்னும் பின்னும் திருப்பினால் டயலில் எவ்வளவு வெறுமனே ஓடுகிறது என்று பார்த்து, அதை முடிந்தவரை குறையுங்கள்.

காம்பவுண்ட் ஸ்லைடுதான் இந்தக் கூட்டத்திலேயே பலவீனமானது. பார்ட்டிங்குக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை. முழுக்கப் பின்னுக்கு இழுத்து, மேல்பாகம் அடிப்பாகத்தின் மேல் முழுதாக உட்காரும்படி வைத்து, ஜிப் ஸ்க்ரூக்களை அசையவே முடியாதபடி இறுக்கிவிடுங்கள். அடிக்கடி வெட்டுபவராக இருந்தால் காம்பவுண்டையே கழற்றிவிட்டு, அதே உயரத்துக்கு ஒரு இரும்புக் கட்டியைக் கிராஸ் ஸ்லைடில் போல்ட் செய்து அதன்மேல் டூல் போஸ்ட்டை வைக்கலாம். பார்க்க ஒன்றுமில்லாத இந்தக் கட்டி, விலை கூடிய எந்த பிளேடையும் விட அதிகப் பலன் தரும்.

பிளேடு

சின்ன லேத்துக்கு 1.5 முதல் 2 மி.மீ. அகலம் போதும். அகலம் கூடினால் பிளேடு உறுதியாகும், ஆனால் விசையும் அதே விகிதத்தில் கூடும். 3 மி.மீ. பிளேடு 350 வாட் மோட்டாருக்கு ஆகாது. 1 மி.மீ. பிளேடு பித்தளைக் குச்சிகளுக்கு ஓகே, எம்எஸ்ஸில் பக்கவாட்டில் நெளியும்.

எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிளேடா கார்பைடு இன்சர்ட்டா என்று கேட்டால், பழகும்வரை எச்எஸ்எஸ். சாணை பிடித்து ஊசி முனைக்குக் கொண்டுவரலாம், குறைந்த வேகத்தில் வெட்டும், உடைந்தால் நஷ்டம் குறைவு. மேல்பக்கம் அகலமாகவும் கீழே மெலிந்தும் இருக்கும் டி வடிவ பிளேடில் பக்கங்களை உரச வேண்டியதே இல்லை, முன்பக்கம் மட்டும் பிடித்தால் போதும். ஒன்றைக் கவனியுங்கள். ஹோல்டரில் அந்த டி தலைக்கு இடம் விட்டிருக்க வேண்டும். இல்லாத ஹோல்டரில் இறுக்கினால் பிளேடு சாய்ந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு பத்து மி.மீ. ஆழத்தில் பிளேடைச் சுவரோடு உரச வைக்கும்.

நம்மூர்ப் பட்டறைகளில் உடைந்த பவர் ஹாக்ஸா பிளேடிலிருந்து பார்ட்டிங் டூல் செய்துகொள்வது பழைய வழக்கம். தடிப்பு சுமார் 2 மி.மீ., முழுக்க எச்எஸ்எஸ்ஸாக இருந்தால் அருமையான பொருள். சாணை பிடிக்கும்போது பக்கங்களைக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் ஒன்றிரண்டு டிகிரி மெலிய வைக்க வேண்டும், வெட்டும் முனைதான் எங்கும் அகலமாக இருக்க வேண்டும். 12 மி.மீ.க்குக் கீழே உள்ள ராடுகளுக்கு ஒரு 8 மி.மீ. சதுர எச்எஸ்எஸ் பிட்டின் முனையைப் பார்ட்டிங் வடிவத்துக்குச் சாணை பிடித்து வைத்துக்கொள்ளலாம். குட்டையாக, கீழே முழு உயரமும் இருப்பதால் அசையவே அசையாது.

இன்சர்ட் போடுவதென்றால் 2 மி.மீ. அகல எம்ஜிஎம்என் 200 வகை எளிதாகக் கிடைக்கிறது. அதன் மேல்பக்கக் குழி சுருளை நடுவில் மடித்து, வெட்டிய பள்ளத்தைவிடக் குறுகலாக்கிவிடும். அதனால் சுருள் சுவரில் சிக்காது. இன்சர்ட்டின் பெரிய லாபம் அதுதான். பதிலுக்கு அது வேகமும் விடாத ஃபீடும் (பிளேடை உள்ளே செலுத்துவதும்) கேட்கும். தயங்கித் தயங்கிச் சுற்றினால் முனை பொரிந்துவிடும்.

சாணை பிடிப்பது

முன்பக்கம் கீழ்நோக்கி 6 முதல் 8 டிகிரி சாய்வு. மேல்பக்கம் எம்எஸ்ஸுக்கு 5 டிகிரி போல பின்சாய்வு, பித்தளைக்குத் தட்டையாக, சாய்வே இல்லாமல். பித்தளைக்குச் சாய்வு வைத்தால் கத்தி தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முனையை மேலிருந்து பார்த்தால் நேராக இருக்க வேண்டுமா, சாய்வாகவா? சாய்வாகப் பிடித்தால் கடைசியில் நடுவில் மிஞ்சும் சின்ன மேடு, அதாவது மூக்கு, துண்டில் ஒட்டாமல் ராடில் நின்றுவிடும், துண்டு சுத்தமாக விழும். ஆனால் சாய்ந்த முனை பிளேடை ஒரு பக்கமாகத் தள்ளும், ஆழம் போகப் போக வெட்டு வளையும், துண்டின் முகம் கிண்ணம்போல் குழியும். 8, 10 மி.மீ. ராடுகளுக்கு மட்டும் சாய்வு வையுங்கள். 20 மி.மீ.க்கு நேர்முனைதான். மூக்கு மிஞ்சினால் ஃபேஸிங்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சாணையோடு விட்டுவிடாமல் எண்ணெய்க் கல்லில் நாலு இழுப்பு இழுத்து முனையைத் தீட்டுங்கள். நகத்தின் மேல் வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். மழுங்கிய பார்ட்டிங் பிளேடு வெட்டுவதில்லை, அழுத்தும். அழுத்தினால் மேலே சொன்ன வட்டம் ஆரம்பித்துவிடும்.

மூன்று அமைப்புகள்: நீளம், உயரம், நேர்

ராடை ஃபேஸ் செய்துவிட்டு சக்கில் குட்டையாகப் பிடியுங்கள். வெட்டும் இடம் சக் தாடைக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 3 முதல் 5 மி.மீ. இடைவெளி போதும், ராடின் விட்டத்தைவிட அதிகத் தூரம் கூடவே கூடாது. சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று திருப்பி, தாடை டூல் போஸ்ட்டில் இடிக்கவில்லை என்று பார்த்துவிடுங்கள். மினி லேத்தின் ஸ்பிண்டில் துளை 20 மி.மீ.தான். நம் 20 மி.மீ. ராடு சரியாக அந்த அளவாக இருந்தால் உள்ளே போகாது, சற்று மெலிந்திருந்தால் உரசிக்கொண்டு போகும். போகாதென்றால் ராடை முன்கூட்டியே 80, 100 மி.மீ. துண்டுகளாக அறுத்துக்கொள்ளுங்கள். துளைக்குப் பின்னால் நீளமாகத் தொங்கும் ராடு சாட்டைபோல் அடிக்கும், அது தனி ஆபத்து.

பிளேடு ஹோல்டரிலிருந்து ராடின் ஆரத்தைவிட ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நம் கணக்கில் 12 மி.மீ. பெரிய ராடு வெட்டிய பிறகு சின்ன ராடுக்கு வரும்போது பிளேடை உள்ளே தள்ள மறந்துவிடுகிறோம். நீளம் இரட்டிப்பானால் வளைவு எட்டு மடங்காகும் என்பதை நினைத்தால் மறதி வராது.

பிளேடு முனையின் உயரம் சரியாக சென்டரில், அதாவது ராடின் அச்சு மட்டத்தில், இருக்க வேண்டும். எளிய சோதனை, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். மோட்டாரை நிறுத்திவிட்டு ஸ்கேலைச் செங்குத்தாக ராடுக்கும் பிளேடு முனைக்கும் நடுவில் வைத்து, மெல்ல உள்ளே சுற்றி லேசாகப் பிடிக்கவையுங்கள். ஸ்கேல் நேராக நின்றால் சென்டர் சரி. அதன் தலை உங்களை விட்டு விலகிச் சாய்ந்தால் பிளேடு உயரம், உங்கள் பக்கம் சாய்ந்தால் தாழ்வு. கடைசி உறுதிக்கு, ஒரு ராடின் முகத்தை அதே உயரத்தில் ஃபேஸ் செய்து நடுவில் மூக்கு நிற்கிறதா பாருங்கள். உயரமாக இருந்தால் முனைக்குக் கீழே உள்ள முகம் உரசும், வெட்டாது. தாழ்வாக இருந்தால் ராடு பிளேடின் மேல் ஏறும், கடைசியில் ஒரு மூக்கும் மிஞ்சும். சில ஹோல்டர்களில் பிளேடு சாய்வாக உட்கார்ந்திருக்கும். அவற்றில் பிளேடை நீட்டினாலோ இழுத்தாலோ உயரமும் மாறும், ஒவ்வொரு முறையும் ஸ்கேலைப் பிடித்துவிடுங்கள்.

நேர் என்பது பிளேடு ஸ்பிண்டில் அச்சுக்குச் சரியாக 90 டிகிரியில் இருப்பது. அவசரத்துக்கு, டூல் போஸ்ட்டை லூஸ் செய்து அதன் பக்கத்தை சக்கின் தட்டையான முகத்தில் ஒட்டி வைத்து இறுக்கலாம். ஒழுங்கான வழி, டயல் கேஜைப் படுக்கையில் காந்தத்தோடு நிறுத்தி, முனையை பிளேடின் பக்கத்தில் வைத்து, கிராஸ் ஸ்லைடை முன்னும் பின்னும் ஓட்டுவது. பத்து மி.மீ. ஓட்டத்தில் 0.02 மி.மீ.க்குள் நின்றால் நிம்மதியாக வெட்டலாம்.

இனி அளவு. பிளேடின் இடது பக்கத்தை ராடின் முகத்தில் மெல்லிய காகிதம் சிக்கும்வரை கொண்டுவந்து அதைப் பூஜ்யமாக வையுங்கள். அங்கிருந்து சக்கை நோக்கி நகர வேண்டிய தூரம், துண்டின் நீளத்தோடு பிளேடின் அகலம். 10 மி.மீ. ஸ்பேசருக்குப் பின்முகத்தை ஃபேஸ் செய்ய 0.3 விட்டால், 2 மி.மீ. பிளேடுக்கு 12.3. கேரேஜில் நுண்ணிய டயல் இல்லாத மெஷினில் படுக்கையில் டயல் கேஜ் வைத்தோ வெர்னியரால் அளந்தோ நகர்த்தி, அப்புறம் லாக் செய்யுங்கள்.

வேகமும் ஃபீடும்

வேகத்துக்கு ஒரே சூத்திரம்: ஆர்பிஎம் = 318 × வெட்டுவேகம் ÷ விட்டம். ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்குச் சுற்றுகள், வெட்டுவேகம் நிமிடத்துக்கு மீட்டரில், விட்டம் மி.மீ.யில். எச்எஸ்எஸ் பிளேடால் பார்ட்டிங் செய்யும்போது டர்னிங் வேகத்தில் பாதி வையுங்கள். எம்எஸ்ஸுக்கு 14 மீட்டர் என்றால் 20 மி.மீ. ராடில் 220 ஆர்பிஎம். பித்தளைக்கு 30 மீட்டர், 480 ஆர்பிஎம். அலுமினியத்துக்கு 35 மீட்டர், 550 ஆர்பிஎம். எஸ்எஸ் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 8 மீட்டர், 130 ஆர்பிஎம். கியர் லீவர் 'லோ'வில் இருக்கட்டும். 'ஹை'யில் வைத்துக் குமிழால் வேகத்தைக் குறைத்தால் மோட்டாருக்கு இழுவை போய்விடும்.

ஃபீட்தான் பலர் கோட்டைவிடும் இடம். பயத்தில் மெல்ல மெல்லச் சுற்றுவார்கள். பிளேடு வெட்டாமல் உரசும், உரசினால் அதிரும், அதிர்ந்தால் இன்னும் பயந்து இன்னும் மெல்லச் சுற்றுவார்கள். சுற்றுக்கு 0.04 மி.மீ. வீதம் 220 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 8.8 மி.மீ. உள்ளே போக வேண்டும். ஹேண்டிலின் ஒரு முழுச் சுற்று 1 மி.மீ. என்றால், ஒரு சுற்றுக்கு ஏழு நொடி. மோட்டார் போடும் முன்னால் கடிகாரத்தைப் பார்த்து வெறும் கையால் அந்த வேகத்தில் சுற்றிப் பழகுங்கள். நினைத்ததைவிட வேகமாகத் தோன்றும்.

வெட்டு

கண்ணாடி போடுங்கள். கையுறை வேண்டாம், தொங்கும் துப்பட்டாவோ லுங்கி முனையோ வேண்டாம், மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறும் மோதிரமும் இந்த மெஷினுக்கு ஆகாது. சக் சாவி சக்கில் இல்லையே? சரி.

பிரஷ்ஷில் கட்டிங் ஆயிலைத் தோய்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கலக்கும் வெள்ளை சோலபிள் ஆயில் இருந்தால் அதுவும் நல்லது. ஹேண்டிலை இரண்டு கை விரல்களாலும் மாற்றி மாற்றிப் பிடித்துச் சுற்றுங்கள். ஒற்றைக் கைப்பிடியை மட்டும் பிடித்துச் சுற்றினால் மேலே வரும்போது தள்ளும், கீழே போகும்போது தயங்கும். ஃபீட் சீராக இருக்காது.

முனை தொட்டதும் மெல்லிய ஒரு கீறல் சத்தம். அதற்கப்புறம் கை நிற்கக்கூடாது. முதல் அரை மி.மீ.யில் ராடின் மேல்தோல் கரகரக்கும். பிறகு சத்தம் அடங்கி, தோசைக்கல்லில் மாவு ஊற்றும்போது வரும் 'ஸ்ஸ்' போன்ற ஒன்று வரும். அதுதான் சரியான சத்தம். பள்ளத்திலிருந்து பிளேடின் அகலமே உள்ள ஒரு ரிப்பன் எழுந்து தன்மேல் தானே சுருண்டு, ஒரு பொத்தான் அளவு ஆனதும் உடைந்து விழும், அடுத்தது எழும். அதன் நிறம் வெள்ளியாக, அதிகம் போனால் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். எச்எஸ்எஸ்ஸில் நீலம் வந்தால் வேகம் அதிகம்.

மூன்று மி.மீ. ஆழம் போனதும் ஒருமுறை முழுக்க வெளியே எடுங்கள். நிறுத்தி யோசித்து எடுக்கக்கூடாது, உள்ளே சுற்றிய கை அப்படியே வெளியே சுற்ற வேண்டும். வெளியே வந்தபின் இரண்டு காரியம். துண்டின் ஓரத்துக்கும் ராடின் ஓரத்துக்கும் இப்போதே சேம்பர் (விளிம்பில் ஒரு சின்னச் சரிவு) போட்டுவிடுங்கள். விழுந்த பிறகு ஒவ்வொரு ஸ்பேசரையும் பிடித்துப் பிசிறு எடுப்பதைவிட இது எத்தனையோ எளிது. அப்புறம், ஆழமான வெட்டாக இருந்தால் கேரேஜை சக் பக்கமாக அரை மி.மீ. நகர்த்தி லாக் செய்து அதே ஆழத்துக்கு இன்னொரு முறை வெட்டுங்கள். பள்ளம் பிளேடைவிட அகலமாகிவிடும். சுருளுக்கு இடம், எண்ணெய் இறங்க வழி, சுவரில் உரசல் இல்லை. 20 மி.மீ. எம்எஸ்ஸில் ஒவ்வொரு மூன்று நான்கு மி.மீ.க்கும் இப்படி மாறி மாறிப் போனால் சின்ன லேத் முனகாமல் வெட்டும். பொருள் கொஞ்சம் வீண்தான். பிளேடின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

உள்ளே போகப்போக விட்டம் குறைகிறது, அதனால் வெட்டுவேகமும் குறைகிறது. பாதி ஆழத்தில் ஆர்பிஎம்மை ஒன்றரை மடங்காக ஏற்றலாம், ஏற்றாமல் விட்டாலும் குற்றமில்லை. கழுத்து 2 மி.மீ.க்கு வந்ததும் ஃபீடைப் பாதிக்கும் கீழே குறையுங்கள், இன்சர்ட் என்றால் கால்வாசிக்கு. துண்டு லேசாகத் தலை தொங்கும், ஒரு சுற்று தடுமாறும், விழுந்துவிடும். கையை நீட்டிப் பிடிக்காதீர்கள். சூடும் உண்டு, பிளேடு மாதிரி விளிம்பும் உண்டு. கீழே ஒரு தட்டில் துணி போட்டு வைத்தால் போதும். நடுவில் துளையுள்ள ஸ்பேசர் என்றால் சக்குக்கு எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கின் டிரில் சக்கில் ஒரு மெல்லிய கம்பியைப் பிடித்து துளைக்குள் தொடாமல் நுழைத்து வையுங்கள். வளையம் அதில் வந்து மாட்டிக்கொள்ளும்.

டெயில்ஸ்டாக் என்றதும் ஒன்று. ரிவால்விங் சென்டரால் (ராடோடு சேர்ந்து சுழலும் கூர்முனையால்) முட்டுக்கொடுத்து கடைசிவரை பார்ட்டிங் செய்யவே கூடாது. கழுத்து அறும் நேரத்தில் துண்டு சென்டருக்கும் பிளேடுக்கும் நடுவில் சிக்கித் தெறிக்கும். நீள வேலையில் சென்டர் தேவைப்பட்டால் கழுத்து 5, 6 மி.மீ. மிஞ்சும்வரை வெட்டிவிட்டு, மோட்டாரை நிறுத்தி, மீதியை ஹாக்ஸாவால் அறுங்கள்.

சத்தம் கேட்டு நோய் கண்டுபிடிப்பது

கீச்சென்று அலறல்: வேகத்தைக் குறையுங்கள், ஃபீடைக் கூட்டுங்கள். இரண்டாவதைச் செய்யக் கை கூசும், ஆனாலும் செய்யுங்கள். அப்படியும் அடங்கவில்லையென்றால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது சென்டருக்கு மேலே இருக்கிறது.

டொக் டொக் என்று சுற்றுக்கு ஒருமுறை அடி: ராடு சக்கில் சரியாக உட்காரவில்லை, அல்லது ஸ்பிண்டில் லூஸ்.

சுருள் வராமல் தூளாக வந்தால், வார்ப்பிரும்பிலும் பித்தளையிலும் அது இயல்பு. எம்எஸ்ஸில் என்றால் உரசுகிறது என்று அர்த்தம்.

முகம் குழிந்தோ குவிந்தோ வந்தால் பிளேடு நேராக இல்லை, அல்லது முனையின் ஒரு மூலை மட்டும் மழுங்கியிருக்கிறது.

பிளேடு சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் உடனே சுவிட்சை அணையுங்கள். அப்படியே கிராஸ் ஸ்லைடை வெளியே இழுத்தால் முனை பிய்ந்துவிடும். சக்கைக் கையால் பின்னோக்கிக் கால் சுற்று திருப்பி, பிடி விட்டதும் வெளியே எடுங்கள். ராடு சக்கில் நகர்ந்திருக்கிறதா, பிளேடு சாய்ந்திருக்கிறதா பாருங்கள். எல்லா அமைப்பையும் மறுபடி சோதிக்காமல் அதே பள்ளத்துக்குள் போகவேண்டாம்.

உலோகம் உலோகமாக

ஈயம் கலந்த இஎன்1ஏ எஃகு கிடைத்தால் பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை, வெண்ணெய். சாதாரண எம்எஸ் சற்றே ஒட்டும் குணம் கொண்டது, எண்ணெய் கேட்கும். இஎன்8 எஃகு கடினம், ஆனாலும் சுத்தமாக வெட்டும். பழைய இரும்புக் கடையில் எடுத்த இனம் தெரியாத ராடை முதலில் அரத்தால் இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் பிளேடும் தோற்கும். கட்டுமானக் கம்பியை லேத் பக்கமே கொண்டுவர வேண்டாம், மேல்தோல் கடினம், வடிவமும் வட்டமில்லை.

அலுமினியத்தில் ஆபத்து வேறு மாதிரி. விசை குறைவு, ஆனால் சுருள் முனையில் ஒட்டி, பள்ளத்தில் அடைத்து, பிளேடைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயைப் பிரஷ்ஷால் விடாமல் தடவுங்கள், இரண்டு மி.மீ.க்கு ஒருமுறை வெளியே எடுத்து முனையைப் பாருங்கள். செம்பு இதைவிட மோசம், தீட்டிய பிளேடு இல்லாமல் தொடாதீர்கள். பித்தளையும் வார்ப்பிரும்பும் எண்ணெய் இல்லாமல் உலர்ந்தே வெட்டலாம். எஸ்எஸ் 304இல் ஒரு நொடி ஃபீடை நிறுத்தி உரசவிட்டால் அந்த இடம் இறுகிக் கடினமாகிவிடும், அப்புறம் புது பிளேடுகூட வழுக்கும். நிற்காமல் போங்கள், இல்லையென்றால் முழுக்க வெளியே வாருங்கள்.

பின்பக்கத்திலிருந்து வெட்டுவது

மேலே சொன்ன வடிவியலைத் தலைகீழாக்க முடியும். கிராஸ் ஸ்லைடின் பின்பக்கத்தில் இன்னொரு டூல் போஸ்ட்டை நிறுத்தி, பிளேடைத் தலைகீழாகப் பொருத்தினால், வழக்கமான திசையிலேயே ஓடும் ராடு பிளேடை மேலே தூக்கும். இப்போது சாய்வு, முனையை ராடிலிருந்து விலக்கும் பக்கம் நடக்கிறது. அழுத்தம் கூடினால் ஆழம் குறைகிறது. ராடோ பேரிங்கின் அடிப்பக்கத்தில் அழுந்தி நிற்கிறது. சுருளும் தன் எடையாலேயே கீழே விழுகிறது. இங்கிலாந்தின் மைஃபோர்டு லேத் வைத்திருப்பவர்களிடம் பின்பக்க டூல் போஸ்ட் இவ்வளவு பிரபலமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மினி லேத்தின் கிராஸ் ஸ்லைடு குட்டை, பின்பக்கம் இடம் போதாது. நீளமான, டி பள்ளமுள்ள ஸ்லைடு செய்துகொண்டால் வாய்ப்புண்டு.

அதற்குப் பதில், முன்பக்க டூல் போஸ்ட்டிலேயே பிளேடைத் தலைகீழாக வைத்து ஸ்பிண்டிலை ரிவர்ஸில் ஓட்டலாம். பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். சக் போல்ட்டால் பொருத்தப்பட்ட மினி லேத்தில் இது பாதுகாப்பு. சக் மரையால் திருகப்பட்ட பழைய லேத்தில் செய்யாதீர்கள், வெட்டும் விசையே சக்கைக் கழற்றிவிடும்.

எப்போது ஹாக்ஸாவே மேல்

என் கணக்கு, இந்த அளவு லேத்தில் எம்எஸ் 25 மி.மீ. வரை, அலுமினியம் 40 மி.மீ. வரை பார்ட்டிங். அதற்கு மேல் ரம்பம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படுக்கையின் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடுங்கள், ரம்பம் நழுவினால் படுக்கையில் கீறல் விழக்கூடாது. முதலில் பார்ட்டிங் பிளேடால் 3 மி.மீ. ஆழத்துக்கு வழிகாட்டும் பள்ளம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், ரம்பம் அதற்குள்ளேயே நேராக ஓடும். மோட்டாரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சக்கைக் கையால் அவ்வப்போது கால் சுற்று திருப்பித் திருப்பி எல்லாப் பக்கத்திலிருந்தும் அறுங்கள். ஓடும் ராடில் ரம்பத்தை வைப்பதைச் சிலர் சாதாரணமாகச் செய்வார்கள், பார்த்துக் கற்காதீர்கள். அறுக்கும் பக்கம் 1 மி.மீ. கூடுதலாக விட்டுவைத்தால் துண்டைத் திருப்பிப் பிடித்து இரண்டு ஃபேஸிங்கில் அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.